வயலில் எடுக்கும் முடிவுகளும் டேட்டாவும்: ஓர் எளிய அறிமுகம்

வேளாண்மையில் டேட்டா என்றதும் ட்ரோன் பறப்பதும், கைபேசித் திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம் விரிவதும்தான் பலருக்கு மனதில் வருகிறது. விளம்பரங்கள் அப்படிப் பழக்கிவிட்டன. உண்மையில் இந்தச் சங்கதி ரொம்பப் பழையது. கொரியாவில் 1441–42 ஆண்டுகளிலேயே, சேஜோங் அரசர் காலத்தில், மழைமானி செய்து மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். எங்கே எவ்வளவு பெய்தது என்ற கணக்கு அங்கிருந்து தலைநகருக்கு வந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843-இல் தொடங்கிய கோதுமைச் சோதனை வயலில் இன்றும் பயிர் வைத்து அறுக்கிறார்கள். அங்கே குவிந்துகிடந்த மகசூல் கணக்குகளை அலசுவதற்காக 1919-இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், அந்த வேலையின் போக்கில்தான் நவீனப் புள்ளியியலின் அடிப்படை முறைகள் பலவற்றை வகுத்தார். வயலிலிருந்துதான் புள்ளியியலே நிறையக் கற்றுக்கொண்டது என்று சொன்னாலும் மிகையில்லை.

இப்போது மாறியிருப்பவை இரண்டு. அளப்பதற்கான செலவு குறைந்துவிட்டது. அளக்க வேண்டிய கட்டாயம் கூடிவிட்டது. முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஒரு பருவத்தில் விவசாயி எடுக்கும் முடிவுகளை எண்ணிப் பாருங்கள். எந்த ரகம், எப்போது விதைப்பு, எவ்வளவு அடியுரம், மேலுரத்தை இன்றே போடுவதா மழைக்குப் பிறகா, மருந்து அடிக்க வேண்டுமா வேண்டாமா, அறுவடையை இரண்டு நாள் தள்ளலாமா. எல்லாமே அனுபவத்தை வைத்து எடுப்பவை. அனுபவம் என்பது போன பருவங்களின் நினைவு. வரும் பருவமும் ஏறக்குறைய அவற்றைப் போலவே இருக்கும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. காலநிலை மாற்றம் கைவைப்பது அந்த நம்பிக்கையில்தான். ஆண்டு மழையின் மொத்த அளவு மாறாமலே, பெய்யும் நாட்கள் குறைந்து, ஒவ்வொரு முறையும் கொட்டித் தீர்க்கலாம். இரவு வெப்பம் கூடலாம். பூத்த பிறகு வந்துகொண்டிருந்த பூச்சி பூக்கும் முன்பே வந்து நிற்கலாம். அதற்காக அனுபவத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. முன்பைவிட அடிக்கடி அதைச் சரிபார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. டேட்டாவின் வேலை அதுதான்.

இந்தப் பேச்சில் அடிக்கடி ஜோடியாக வரும் இரண்டு சொற்களையும் இங்கேயே பிரித்துவிடலாம். நீடித்த வேளாண்மை என்றால் மண்ணையும் நீரையும் காற்றையும் கெடுக்காமல், அடுத்த தலைமுறையும் அதே நிலத்தில் விளைவிக்கும்படி செய்வது. காலநிலையைத் தாங்கும் வேளாண்மை என்றால் வறட்சியோ வெள்ளமோ வெப்ப அலையோ வந்தாலும் ஒரேயடியாக விழுந்துவிடாமல் சமாளிப்பது. இரண்டும் எப்போதும் ஒரே திசையில் இழுப்பதில்லை. வறண்ட ஆண்டில் போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கி இறைத்தால் அந்த ஆண்டுப் பயிர் தப்பிக்கும். நிலத்தடி நீர் போய்விடும். டேட்டாவைக் கொண்டு இதில் எதை அடையப் பார்க்கிறோம் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தகவல் கைக்கு வந்தால் எந்த முடிவு மாறும்? எந்தக் கருவியையும் செயலியையும் நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன். முடிவு எதுவும் மாறாது என்றால் அது வெறும் வேடிக்கை.

தண்ணீர்க் கணக்கு

முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் டேட்டா தெளிவாகப் பலன் தரும் இடம் அது. உலகம் முழுவதும் ஆறு, ஏரி, நிலத்தடியிலிருந்து மனிதர்கள் எடுக்கும் நன்னீரில் சுமார் 70% பாசனத்துக்கும் மற்ற வேளாண் வேலைகளுக்கும்தான் போகிறது.

பயிரின் வேர்ப்பகுதியை ஒரு வங்கிக் கணக்காக நினைத்துக்கொள்ளலாம். மழையும் பாசனமும் வரவு. மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியாகப் பயிர் வெளியேற்றுவதும் செலவு. வேருக்குக் கீழே வடிந்து போவதும் செலவுதான், யாருக்கும் பயன்படாத செலவு. வரவை அளப்பது சுலபம், மழைமானி போதும். செலவை எப்படி அளப்பது? வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், வெயில் ஆகிய நான்கும் தெரிந்தால், சீராக வளர்ந்த புல்வெளி ஒரு நாளில் எத்தனை மில்லிமீட்டர் நீரைக் காற்றில் விடும் என்று கணக்கிட்டுவிடலாம். இதற்கான முறையை ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு 1998-இல் ஒரு கையேடாக வெளியிட்டது. இன்று உலகெங்கும் பாசன ஆலோசனை சொல்லும் செயலிகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது அந்தக் கணக்குதான். வரும் எண்ணைப் பயிருக்கும் அதன் வயதுக்கும் உரிய ஒரு கெழுவால் பெருக்கினால் அந்தப் பயிரின் தேவை கிடைக்கும்.

ஒரு உதாரணம். புல்வெளிக் கணக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மக்காச்சோளம் முளைத்த புதிதில் அதன் கெழு சுமார் 0.3, எனவே தேவை 1.5 மில்லிமீட்டர். அதே பயிர் முழுதாக வளர்ந்து பூக்கும்போது கெழு சுமார் 1.2, தேவை 6 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். அதாவது முதல் கட்டத்தில் நாளுக்கு 15,000 லிட்டர், பூக்கும் கட்டத்தில் 60,000 லிட்டர். வயல் அதே, வெயில் அதே, தேவை நாலு மடங்கு. வாரத்துக்கு ஒரு தண்ணீர் என்று கண்ணை மூடிக்கொண்டு பாய்ச்சினால், ஆரம்பத்தில் வீணாகிறது, முக்கியமான சமயத்தில் பற்றாமல் போகிறது.

சரி, ஒரு பாய்ச்சல் எத்தனை நாள் தாங்கும்? அதற்கு மண்ணைப் பற்றித் தெரிய வேண்டும். நடுத்தரமான வண்டல் கலந்த மண், ஒரு மீட்டர் ஆழத்தில் பயிருக்குக் கிடைக்கக்கூடிய நீராகச் சுமார் 150 மில்லிமீட்டர் பிடித்து வைத்திருக்கும். வேர் 60 சென்டிமீட்டர் போயிருந்தால் 90 மில்லிமீட்டர். அதில் பாதி தீர்ந்ததும் பாய்ச்சிவிட வேண்டும் என்று வைத்தால் கையிருப்பு 45. நாளுக்கு 6 செலவானால் ஏழரை நாள். மணற்பாங்கான நிலத்தில் இதே பயிர் மூன்று நான்கு நாளிலேயே தவித்துவிடும். மண்ணில் மட்கு கூடினால் ஈரம் பிடிக்கும் திறனும் ஓரளவு கூடும். வறட்சியைத் தாங்குவது பற்றிப் பேசும்போது மண்ணின் கரிமச்சத்து பேச்சில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கு கணக்காகவே இருக்கட்டும், நேராக மண்ணையே அளக்கலாமே என்று தோன்றும். அளக்கலாம். மலிவாகக் கிடைக்கும் மண் ஈர சென்சார்கள் பெரும்பாலும் ஓர் எளிய இயற்பியலை நம்பி இருக்கின்றன. மின்புலத்தில் வைத்தால் எந்த அளவுக்கு மின்னூட்டத்தைத் தேக்க உதவும் என்பதில் நீரும் மண்ணும் வெகுவாக வேறுபடுகின்றன. காற்றுக்கு அந்த மதிப்பு 1, காய்ந்த மண்ணுக்கு 3 முதல் 5, நீருக்கு ஏறக்குறைய 80. ஆகவே மண்ணில் கொஞ்சம் ஈரம் கூடினாலும் சென்சார் சட்டென்று உணர்ந்துவிடும். உப்பு அதிகமுள்ள மண்ணில் இது ஏமாறும். களிமண்ணுக்கும் மணலுக்கும் அளவுத்திருத்தம், அதாவது சென்சார் காட்டும் எண்ணை உண்மையான ஈரத்தோடு பொருத்துவது, தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

ஒரு சென்சார் பார்ப்பது தன்னைச் சுற்றியுள்ள ஒரு கைப்பிடி மண்ணை மட்டுமே. வயலின் மேட்டில் வைத்தால் ஒரு கதை, பள்ளத்தில் வைத்தால் வேறு கதை. வாங்கும் பணத்துக்கு உருப்படியான பயன் வேண்டுமென்றால் ஒரே இடத்தில் இரண்டு ஆழங்களில் வைப்பது நல்ல யோசனை: ஒன்று வேர்கள் அடர்ந்திருக்கும் ஆழத்தில், இன்னொன்று வேர்கள் முடியும் இடத்துக்குக் கீழே. ஒவ்வொரு முறை பாய்ச்சிய பின்னும் கீழ் சென்சார் ஈரம் காட்டினால், வேரைத் தாண்டித் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, கூடவே போட்ட யூரியாவின் ஒரு பங்கையும் நைட்ரேட்டாகக் கொண்டுபோகிறது என்று அர்த்தம். உடனே முடிவு மாறும்: பாய்ச்சும் நேரத்தைக் குறைக்கலாம்.

பேட்டரியே இல்லாத டேட்டா கருவிக்கு எனக்குப் பிடித்த உதாரணம் நெல் வயலில் இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் முறையைச் செய்வதற்குப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைக்கும் கருவி ஒரு துண்டுக் குழாய்தான். சுமார் 30 சென்டிமீட்டர் நீளம், கீழ்ப்பாதியில் துளைகள். அந்தத் துளைப்பகுதியை மண்ணில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட்டால், நிலத்துக்கு அடியில் நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பாய்ச்ச வேண்டியதில்லை. இறங்கியதும் 5 சென்டிமீட்டர் நிற்கும்படி பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயல் காயக் கூடாது. மேலே பார்த்தால் வெடிக்கத் தொடங்கிய வயல், அடியில் வேருக்குத் தேவையான நீர் இருக்கிறது. அதைக் கண்ணால் காட்டிவிடுகிறது அந்தக் குழாய். இதனால் பாசன நீரில் 30% வரை மிச்சமாகும். தொடர்ந்து நீர் நிற்கும் மண்ணில் பிராணவாயு இல்லாமல் சில நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். இடையிடையே வயல் காய்வதால் அந்த மீத்தேனும் ஏறக்குறைய பாதி வரை குறையக்கூடும். இன்னொரு பக்கம், நைட்ரஸ் ஆக்சைடு கொஞ்சம் கூட வாய்ப்புண்டு. மொத்தக் கணக்கில் லாபம்தான். நீர் மிச்சம், பூமியைச் சூடாக்கும் வாயுவும் குறைவு, கருவியின் விலையோ ஒரு துண்டுக் குழாய். தொழில்நுட்பம் என்றால் சிலிக்கான் சில்லு இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வானத்திலிருந்து பார்த்தால்

செயற்கைக்கோள் எப்படிப் பயிரின் நலத்தைச் சொல்கிறது? இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலையின் உள்ளமைப்பு பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆக, நல்ல பயிர் என்றால் சிவப்பு குறைவாகவும் அகச்சிவப்பு அதிகமாகவும் மேலே திரும்பி வரும். இந்த இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதுதான் என்.டி.வி.ஐ. என்று எல்லோரும் சொல்லும் தாவரக் குறியீட்டெண். அகச்சிவப்பு 0.45, சிவப்பு 0.05 என்றால் குறியீடு 0.8, செழிப்பான பயிர். அகச்சிவப்பு 0.30-ஆக இறங்கி, சிவப்பு 0.12-ஆக ஏறினால் குறியீடு சுமார் 0.43, ஏதோ சரியில்லை.

அந்த ‘ஏதோ’வில்தான் சிக்கல். தண்ணீர்ப் பற்றாக்குறையா, தழைச்சத்துக் குறைவா, பூச்சியா, அல்லது அந்த மூலையில் விதையே சரியாக முளைக்கவில்லையா என்று குறியீடு சொல்லாது. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். பெரிய பரப்பில் அதுவே பெரிய உதவி. நாலு மூலைக்கும் நடக்காமல் நேராக அந்த இடத்துக்குப் போகலாம். இன்னொன்று: பயிர் ரொம்ப அடர்ந்துவிட்டால் குறியீடு ஒரு மட்டத்துக்கு மேல் ஏறாது, நல்ல பயிருக்கும் மிக நல்ல பயிருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு தனி எண்ணைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, அதே வயலின் போன ஆண்டுகளின் எண்ணோடு, அதே பயிர்ப் பருவத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பதே உருப்படியான வாசிப்பு.

இந்த ஒப்பீடு முடிகிறதென்றால் அதற்குக் காரணம் தொழில்நுட்பம் மட்டும் இல்லை, ஒரு கொள்கை முடிவும்தான். அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை 1972-இலிருந்து பூமியைப் படமெடுத்து வருகிறது. அந்தப் படங்களுக்கு முன்பு காசு கட்ட வேண்டும். 2008-இல் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அதன்பின் ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 வந்தது. முதல் செயற்கைக்கோள் 2015-இலும் இரண்டாவது 2017-இலும் ஏவப்பட்டன. இந்த வரிசையின் இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை, 10 மீட்டர் துல்லியத்தில், யாருக்கும் இலவசம். 10 மீட்டர் என்றால் ஒரு ஹெக்டேருக்கு நூறு கட்டங்கள். மேகம் மூடினால் இவற்றுக்குக் கண் தெரியாது. பயிர் வளரும் பருவமே மழைக்காலமாக இருக்கும் இடங்களில் இது சின்னக் குறை இல்லை. அங்கே ரேடார் அலைகளால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 கைகொடுக்கிறது. நெல் நடவு எங்கே நடந்திருக்கிறது, வெள்ளம் எதுவரை நிற்கிறது என்பதை அதுதான் நன்றாகக் காட்டும்.

வயல் அளவுக்குப் பயன்படாமல் வட்டார அளவுக்குப் பயன்படும் செயற்கைக்கோள்களும் உண்டு. நாசாவின் ஸ்மாப் மேல்மண்ணின் முதல் 5 சென்டிமீட்டர் ஈரத்தை, பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக அளக்கிறது. வறட்சி எந்தப் பக்கம் நகர்கிறது என்று அரசுகள் பார்ப்பதற்கு இது உதவும். கிரேஸ் என்ற ஜோடிச் செயற்கைக்கோள்கள் இன்னும் விநோதமானவை. சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தபடி, தங்களுக்கு இடையிலான தூரம் நூலிழைக்கும் குறைவாக மாறுவதை அளந்து, கீழே புவியீர்ப்பு எவ்வளவு மாறியது என்று கண்டுபிடிக்கின்றன. ஒரு பெரிய வட்டாரத்தில் நிலத்தடி நீர் குறைந்தால் அந்த எடைக்குறைவு வானத்தில் தெரிகிறது! 2002-இல் தொடங்கிய அந்தப் பணியை 2018-இல் ஏவிய அடுத்த ஜோடி தொடர்கிறது. கிணற்றுக்குள் யாரும் எட்டிப் பார்க்காத நாடுகளின் நிலத்தடி நீர்க் கையிருப்பு கரைவது வெளிச்சத்துக்கு வந்தது இப்படித்தான்.

உரம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். உலக அளவில் நிலத்தில் சேரும் தழைச்சத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் ஒரு பங்கு நீரோடு ஓடுகிறது, ஒரு பங்கு காற்றில் கலக்கிறது. காற்றில் கலப்பதில் நைட்ரஸ் ஆக்சைடும் அடக்கம். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 273 மடங்கு சூடேற்றக்கூடியது. உரத்தைக் குறைத்தால் மகசூல் விழுமோ என்ற பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தைக் குறைப்பதற்குத்தான் அளவீடு வேண்டும். மண் பரிசோதனை ஒரு வழி. நெல்லில் இலை வண்ண அட்டை இன்னொரு வழி: பச்சையின் சில அடர்த்திகள் அச்சிட்ட ஒரு பட்டையை இலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வெளுத்திருந்தால் மட்டும் மேலுரம். பெரிய பண்ணைகளில் ஜி.பி.எஸ். பொருத்திய அறுவடை இயந்திரம் வயலின் எந்தப் பகுதி எவ்வளவு விளைந்தது என்று வரைபடம் தருகிறது. அடுத்த பருவம் உரம் தூவும் இயந்திரம் அதைப் பார்த்து இடத்துக்கு இடம் அளவை மாற்றுகிறது. விளையாத பகுதியில் ஆண்டுதோறும் கொட்டிய உரம் எவ்வளவு என்று முதன்முதலாகப் பார்க்கும்போதுதான் பலருக்கும் அதன் அருமை புரியும்.

நாட்களை எண்ணாமல் வெப்பத்தை எண்ணுவது

பயிரும் பூச்சியும் நாள்காட்டியைப் பார்த்து வளர்வதில்லை. சேர்ந்த வெப்பத்தைப் பொறுத்து வளர்கின்றன. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1735 வாக்கிலேயே இதைச் சொல்லிவிட்டார். கணக்கு எளிது: அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளின் சராசரியிலிருந்து, அந்தப் பயிர் வளரவே ஆரம்பிக்கும் அடிப்படை வெப்பநிலையைக் கழிக்க வேண்டும். மக்காச்சோளத்துக்கு அடிப்படை 10 டிகிரி செல்சியஸ். ஒரு நாள் 32-க்கும் 22-க்கும் இடையில் இருந்தால் சராசரி 27. அன்றைய வரவு 17. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் எப்போது பூக்கும், எப்போது முற்றும் என்று ஓரளவு சொல்லலாம். காலம் வெப்பமாகும்போது இந்தக் கூட்டல் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. பயிர் அவசரமாக முற்றுகிறது, மணி நிரம்ப நாள் போதாமல் மகசூல் குறைகிறது. நீண்ட வயது ரகத்துக்கு மாறுவதா, விதைப்பை முன்னே பின்னே தள்ளுவதா என்ற முடிவை இந்தக் கணக்கை வைத்து எடுக்கலாம். பூச்சிக்கும் இதே கணக்குத்தான். இனக்கவர்ச்சிப் பொறியில் முதல் அந்து விழுந்த நாளிலிருந்து வெப்பத்தைக் கூட்டினால், முட்டை பொரியும் சமயத்தைக் கணித்து, அப்போது மட்டும் மருந்தடிக்கலாம்.

நோய்க்கு வெப்பத்தோடு ஈரமும் சேரும். உருளைக்கிழங்கின் பின்பருவ இலைக்கருகல் நோய், 1845-இல் அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான அதே நோய், எப்போது தாக்கும் என்று சொல்ல பிரிட்டனில் 1956 முதல் ஒரு விதி இருந்தது. தொடர்ந்து இரண்டு நாட்கள், குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்குக் குறையாமல், ஒவ்வொரு நாளும் 11 மணி நேரமாவது காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆபத்து. அறுபது ஆண்டுகள் ஓடிய விதி. அப்புறம் களப்பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது நோய் வந்த பல சமயங்களில் விதி எச்சரிக்கவே இல்லை என்று தெரிந்தது. 2017-இல் 11 மணி நேரம் என்பதை 6 ஆகக் குறைத்துப் புது விதி வந்தது. நோய்க்கிருமியும் மாறுகிறது, வானிலையும் மாறுகிறது. பழைய விதி எவ்வளவு மதிப்புக்குரியதாக இருந்தாலும் யாராவது உட்கார்ந்து மறுபடி சோதித்தாக வேண்டும்.

முன்னறிவிப்பைப் படிக்கும் விதம்

வானிலை முன்னறிவிப்பு முன்பைவிட நிஜமாகவே நன்றாகிவிட்டது. சுமாராகப் பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற வேகத்தில் முன்னேறியிருக்கிறது. பத்தாண்டுக்கு முன் நான்கு நாள் முன்னறிவிப்பு எவ்வளவு நம்பகமாக இருந்ததோ, இன்று ஐந்து நாள் முன்னறிவிப்பு அவ்வளவு நம்பகம். மேலுரம் போட்ட மறுநாள் கொட்டும் மழையைத் தவிர்ப்பதற்கும், வெப்ப அலைக்கு முன் ஒரு பாய்ச்சல் கொடுப்பதற்கும் இது போதும்.

பருவகால முன்னறிவிப்பு வேறு ரகம், இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பசிபிக் கடலின் வெப்பத்தை, அதாவது எல் நினோ, லா நினா நிலையை வைத்து, சில மாதங்களுக்கு முன்பே மழையின் போக்கை ஓரளவு சொல்ல முடிகிறது. சொல்லும் முறை இப்படி: கடந்த முப்பது ஆண்டு மழையை வரிசைப்படுத்தி, குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று சம பங்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். எதுவும் தெரியாத நிலையில் ஒவ்வொன்றுக்கும் 33% வாய்ப்பு. ‘மழை குறைய 45% வாய்ப்பு’ என்று அறிவித்தால், தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றுதான் பொருள். மழை குறையாமல் போவதற்கு 55% வாய்ப்பு அதே அறிவிப்புக்குள் இருக்கிறது. இதை வைத்து மொத்த நிலத்தையும் ஒரே பயிரில் பணயம் வைப்பது சூதாட்டம். ஒரு பகுதியில் வறட்சி தாங்கும் ரகம், விதைப்பை இரண்டு தேதிகளாகப் பிரித்தல், கடனைக் கொஞ்சம் அடக்கி வாங்குதல் என்று சாய்வுக்கு ஏற்ற சாய்வே போதும்.

எல்லாம் செய்தும் கெட்டுப்போகும் ஆண்டுக்குக் காப்பீடு. வயல் வயலாக வந்து சேதம் பார்க்க ஆளும் நேரமும் செலவாகும் என்பதால், மழை அளவையோ தாவரக் குறியீட்டையோ வைத்துப் பணம் கொடுக்கும் முறை வந்தது. கென்யாவின் மார்சபிட் பகுதியில் 2010-இல் மேய்ச்சல்காரர்களுக்காகத் தொடங்கிய திட்டம் செயற்கைக்கோளில் தெரியும் பசுமையைத்தான் அளவுகோலாக வைத்தது. வேகமாகப் பணம் வரும். ஆனால் குறியீடு நன்றாக இருப்பதாகச் சொல்லி, சொந்த நிலம் காய்ந்து கிடந்தால் ஒன்றும் கிடைக்காது. காப்பீட்டுக்காரர்கள் இதை அடிப்படை அபாயம் என்பார்கள். கையெழுத்துப் போடும் முன், எந்த மழைமானி, எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று கேட்பது இதற்காகத்தான்.

எங்கே சறுக்கும்

இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் செயலிகள் இப்போது ஏராளம். 2016-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வொன்று 54,306 இலைப் படங்களை வைத்து, 14 பயிர்களில் 26 நோய்களை அடையாளம் காண ஒரு கணினி மாதிரியைப் பழக்கியது. அதே தொகுப்பிலிருந்து ஒதுக்கி வைத்த படங்களில் துல்லியம் 99.35%. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது சுமார் 31 சதவீதத்துக்கு விழுந்தது. ஆய்வாளர்களே இதை நேர்மையாக எழுதியிருக்கிறார்கள்; ஆனால் விளம்பரத்துக்குப் போனது முதல் எண்தான். சீரான பின்னணியில் ஒற்றை இலையை வைத்துப் பழகிய மாதிரிக்கு, வெயிலும் நிழலும் மண்ணும் கலந்த வயல் அந்நியம். இன்றைய மாதிரிகள் தேறியிருக்கின்றன, என்றாலும் எந்தத் துல்லிய எண்ணைக் கேட்டாலும் எங்கே எடுத்த படங்களில் சோதித்தீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொரு சறுக்கல் நுட்பமானது. சொட்டுநீரும் சென்சாரும் வைத்து 30% தண்ணீர் மிச்சப்படுத்திய விவசாயி, அந்த மிச்சத்தை என்ன செய்வார்? பெரும்பாலும் பக்கத்து நிலத்தையும் சாகுபடிக்குக் கொண்டுவருவார், அல்லது அதிக நீர் கேட்கும் பயிருக்கு மாறுவார். அவர் நிலையில் இருந்தால் யாரும் அதைத்தான் செய்வார்கள். மேலும், முன்பு வீணானதாக நாம் நினைத்த நீரில் ஒரு பகுதி நிலத்தடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் இல்லை. கடைசியில் வட்டாரத்தின் மொத்த நீர்ச்செலவு குறையாமல் போகலாம், கூடவும் செய்யலாம். பாசனத் திறனின் முரண் என்று அறிஞர்கள் 2018-இல் ஒரு கட்டுரையில் விரிவாக எழுதியது இதைத்தான். ஒரு வயலின் மட்டத்தில் நீடித்ததாகத் தெரிவது ஆற்றுப் படுகையின் மட்டத்தில் அப்படி இல்லாமல் போகும். மொத்தம் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரம்பை ஊரும் அரசும் சேர்ந்து வகுக்காமல், சென்சார் மட்டும் அந்த வேலையைச் செய்துவிடாது.

டேட்டா குறைவாக இருக்கும் இடங்கள் எவை என்று பார்த்தால், காலநிலையால் அதிகம் அடிபடும் ஏழை நாடுகள்தான். வானிலை நிலையங்கள் அங்கே அரிது. மாதிரிகள் பெரும்பாலும் வேறு நாட்டுப் பண்ணைகளில் பழகியவை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு புதுச் செயலியைவிட, பத்து நல்ல மழைமானிகளும் அவற்றைத் தவறாமல் குறித்துவைக்கும் ஆட்களும் அதிகப் பயன் தரக்கூடும்.

யாருடைய டேட்டா

கடைசியாக, வாங்கும் முன் கேட்க வேண்டியவை. வயலில் சேரும் டேட்டா யாருக்குச் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா? எந்த நிலத்தில் எவ்வளவு விளையும் என்ற தகவல் விதை, உரம் விற்பவர்களுக்கும், நிலத்தைக் குத்தகைக்கு விடுபவருக்கும், கடன் கொடுப்பவருக்கும் காசு பெறும் தகவல். அது உங்களுக்குத் தெரியாமல் அவர்கள் கைக்குப் போகக் கூடாது. சேர்ந்த பதிவுகளை அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ள முடியுமா? அந்த நிறுவனம் மூடிவிட்டாலோ சந்தா கட்டாமல் நிறுத்தினாலோ ஐந்து ஆண்டுப் பதிவு என்ன ஆகும்? சென்சாரை உங்கள் மண்ணில் யார் அளவுத்திருத்தம் செய்து தருவார்கள்? பழுதானால் நீங்களே திறந்து சரிசெய்யலாமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால், இலவசச் செயற்கைக்கோள் படங்களையும் ஒரு நோட்டையும் வைத்துக்கொண்டு இரண்டு பருவம் ஓட்டிப் பாருங்கள்: தேதி, மழை, பாய்ச்சிய நேரம், போட்ட உரம், கண்ணில் பட்ட பூச்சி, கடைசியில் மகசூல். அதற்குள் எந்த முடிவில் தடுமாறுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். எந்தக் கருவி தேவை என்பதை அப்போது நீங்களே கடைக்காரருக்குச் சொல்வீர்கள்.